காரைக்குடியில் கவிதைப் புத்தகம் அச்சடிக்க ஒரு நல்ல இடம்

மகளிர் தினக் கவியரங்கத்துக்காக எங்கள் பல்கலைக்கழக வளாகத்துப் பெண்கள் எழுதிய கவிதைகளைச் சின்னப் புத்தகமாகப் போட்டோம். 64 பக்கம், 200 பிரதி. அதை அச்சிட்டுத் தைத்துக் கொடுத்த அச்சகத்தைப் பற்றி எழுதுகிறேன். செட்டிநாட்டுப் பக்கம் யாராவது கல்லூரி மலர், கவிதைத் தொகுப்பு, அப்பத்தா பாடிய பாட்டு என்று எதையாவது அச்சுக்குக் கொடுக்க நினைத்திருந்தால் முழுக்கப் படியுங்கள்.

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அச்சக அக்காவே கேட்டுக்கொண்டார். கையால் தைக்கிற வேலை, மாதத்துக்கு நாலு வேலைக்கு மேல் எடுக்க முடியாது, தேடி வருகிறவர்களை இல்லை என்று திருப்பி அனுப்ப மனசு வராது என்றார். இடத்தைச் சொல்லலாமாம். செக்காலை ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாவு மில்லுக்கு எதிரே. வெளியே பார்த்தால் ஜெராக்ஸ் கடை மாதிரிதான் தெரியும். உள்ளே போனால் நீளமாக ஒரு கூடம், தரையில் ஆத்தங்குடிக் கல், ஓரத்தில் காகிதம் வெட்டும் மெஷின், அதற்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள். மில் ஓடும்போது கத்தித்தான் பேச வேண்டும்.

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பதினோரு வருடமாகப் பிய்ந்த புத்தகங்களைக் கையாள்கிறேன். எந்த பைண்டிங் எத்தனை மாதத்தில் விடும் என்பது எனக்கு அத்துப்படி. அதனால் அச்சகம் தேடும்போது விலையை விட அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் இந்தக் கடையை நான் மனதார மெச்சுவதற்குக் காரணம் வேறு.

சில வருடங்களுக்கு முன் இதேபோல ஒரு தொகுப்பு போட்டோம், வேறு ஊரில் ஓர் அச்சகத்தில். யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்ததை அவர்கள் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது. கவிதை வரிகளை இரண்டு ஓரமும் சமமாக வருகிற மாதிரி இழுத்து நீட்டியிருந்தார்கள். ஒரு வரியில் மூன்றே சொல் இருந்தால் அந்த மூன்றும் மூன்று மூலையில் நின்றன. அதையெல்லாம்கூட பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் வளாகத்தைக் கூட்டிப் பெருக்குகிற ஓர் அக்கா, மழைநாளில் வேப்பம்பூ குப்பையாகிவிடுவதைப் பற்றி எட்டு வரி சொல்லியிருந்தார். அந்தப் புத்தகத்திலேயே நல்ல கவிதை அதுதான். அதன் கீழே அவர் பெயர் இல்லை. "ஒரு துப்புரவுப் பணியாளர்" என்று போட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் பேராசிரியர் ஒருவரின் கவிதைக்குக் கீழே பட்டம், பதவி, துறை எல்லாம் மூன்று வரிக்கு வந்திருந்தது. அந்த அக்காவிடம் புத்தகத்தைக் கொடுக்கும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த முறை அந்தத் தப்பு நடக்கக் கூடாது என்பது ஒன்றுதான் என் மனதில் இருந்தது.

எங்கள் வளாகத்தின் கதையே ஒரு பெண்ணின் பெயரில்தான் தொடங்குகிறது என்று நான் அடிக்கடி சொல்வேன். 1947இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா. அந்த மேடையில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று கேட்க, கூட்டத்தில் இருந்த அழகப்பச் செட்டியார் எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றார். அந்த ஆண்டே கல்லூரி வந்தது. அவர் நிறுவிய கல்வி வளாகத்திலிருந்து 1985இல் எங்கள் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. இன்று காலை எட்டரைக்கு வாசலில் நின்று பாருங்கள். சிங்கம்புணரி, திருப்பத்தூர், தேவகோட்டை, கண்டனூர் என்று எல்லாப் பக்கத்துப் பேருந்திலிருந்தும் பெண் பிள்ளைகள் இறங்குவார்கள். அவர்களுக்கு முன்னாலேயே ஆறு மணிக்கு வந்து விடுதி அடுப்பைப் பற்ற வைத்த பெண்களும் இருக்கிறார்கள். தொகுப்பில் இரண்டு பக்கத்தாரும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். மொத்தம் 31 பேர். மாணவிகள் 17, ஆசிரியைகள் 5, அலுவலகத்தில் 3, விடுதிச் சமையல், துப்புரவு, தோட்டம் என்று 6 பேர். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல மாணவிகள் கைப்பேசியில் பதிந்து எழுதிக்கொண்டார்கள்.

கவிதைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேலு நாச்சியாரையும் குயிலியையும் பற்றி ஆறு கவிதை வந்தன. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள், அது இயல்பு. 1780இல் சிவகங்கையை மீட்ட அரசியைப் பாடாமல் வேறு யாரைப் பாடுவார்கள்? ஆனால் ஆறில் ஐந்து மேடைக்கான கவிதைகள்; வாள், நெருப்பு, சிங்கம் என்று சத்தம் கூடுதல். பிரான்மலை அடிவாரத்து மாணவி ஒருத்தி, பாரியின் பறம்பு மலை எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து தெரியும், அப்பா இறந்த மாதத்துப் பௌர்ணமிக்கு அந்த மலையைப் பார்த்தேன், பாரியின் மகள்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரிந்தது என்று ஒன்பது வரியில் எழுதியிருந்தாள். புறநானூற்றில் அந்தப் பெண்களின் பாட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கண் கலங்கும். கண்டாங்கிச் சேலையைத் தொட்டிலாகக் கட்டிய அம்மாவைப் பற்றி இன்னொன்று. இந்த இரண்டுக்காகவே புத்தகம் போடலாம்.

சரி, கடைக்கு வருகிறேன்.

முதல் நாள் பென்டிரைவை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "தாள்ல எடுத்துட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். நல்லவேளை, இருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். விலை பேசவில்லை, பிரதி எத்தனை என்று கேட்கவில்லை. இருபது நிமிடம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் பதினாறு வயதில் அச்சுக்கோக்கப் போனவராம். ஈய எழுத்தைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிற வேலை. எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. அப்படி வருடக்கணக்காகப் படித்தவருக்கு ஒரு சொல்லை மொத்தமாகப் பார்க்கிற பழக்கமே வராது, எழுத்தெழுத்தாகத்தான் பார்ப்பார். அதனால்தான் நாங்கள் நாலு பேர் திருத்திக் கொண்டுவந்த தாளில் அவர் விட்டுப்போன ஒற்றெழுத்து பதினெட்டைக் கண்டுபிடித்தார்.

விரல் ஓரிடத்தில் நின்றது. விடுதிச் சமையலறைப் பெரியம்மா ஒருவர் பாடிய தாலாட்டு.

"இது பாட்டுல்ல? ரெண்டாவது வரி இடிக்குதே. அவங்க இப்படித்தான் பாடுனாங்களா?"

தட்டச்சு செய்த மாணவி "கடிதம் வரவில்லையடி" என்று எழுத்துத் தமிழாக்கிவிட்டிருந்தாள். நான் கைப்பேசியில் பதிவை ஓட விட்டேன். மாவு மில் சத்தத்தில் கேட்கவில்லை. அக்கா எழுந்து போய் மில்காரரிடம், "அஞ்சு நிமிசம் நிப்பாட்டுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் கேட்டது:

கம்மா நெறஞ்சிருச்சு கரையெல்லாம் பூத்திருச்சு
கண்ணே ஒங்கய்யா கடுதாசி வல்லையடி
ரங்கோனு கப்பலுக்கு ராவெல்லாம் காத்திருந்து
தொங்கட்டான் கழட்டி வச்சேன் தூங்கடி எம்மகளே

"வல்லையடி," என்று அக்கா தனக்குள் சொல்லிப் பார்த்தார். "இத மாத்துனா பாட்டே போச்சு." பென்சிலால் வட்டம் போட்டு, அந்தத் தாலாட்டில் இன்னும் ஆறு இடத்தில் பழையபடி திருத்தச் சொன்னார். கண்மாய் கம்மாவாக ஆனது, உன் அய்யா ஒங்கய்யாவாக ஆனார். ஒரு தமிழாசிரியர் செய்திருக்க வேண்டிய வேலை அது. அச்சுக்கூலியில் அதற்குத் தனிக் கணக்கு எதுவும் இல்லை.

அந்தப் பாட்டின் கதையைப் பெரியம்மா பிறகு சொன்னார். அவருடைய அப்பத்தா செட்டிநாட்டு வீடு ஒன்றில் வேலை பார்த்தவர். அந்த வீட்டு ஆச்சியின் கணவர் பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போயிருந்தார். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரர்கள் கைக்குப் போன பிறகு கடிதம் நின்றுவிட்டது. ஆச்சி பிள்ளைக்குப் பாட, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து அப்பத்தா கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்ட பாட்டாம். எட்டுக்கட்டு வீடுகளைப் படம் எடுக்க வருகிறவர்கள் தேக்குத் தூணையும் பெல்ஜியம் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த வீடுகளை வருடக்கணக்காகத் தனியாகக் கட்டிக் காத்த பெண்களின் குரல் இப்படி யாரோ ஒரு சமையலறைப் பெரியம்மாவின் வாயில்தான் மிஞ்சியிருக்கிறது. எனக்கு அது 64 பக்கத்தில் நடுப்பக்கமாக வர வேண்டும் என்று தோன்றியது. அப்படியே வைத்தோம்.

அடுத்தது பெயர்கள். ஆசிரியைகளுக்கு "முனைவர்", அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு "திருமதி", மாணவிகளுக்கு இனிஷியல். கடைசி ஆறு பேருக்கு வெறும் பெயர். அக்கா கேட்டார்: "இவங்களுக்கு இனிஷியல் இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. போன முறை பெயரே இல்லாமல் போனதை நினைத்துப் பெயர் வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். யாரையும் இனிஷியல் கேட்கவே இல்லை. மறுநாள் சாயங்காலம் ஆறு பேரையும் இரண்டு ஆட்டோவில் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். அக்கா எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். பெரியம்மாவிடம் வந்தபோது, "ஆத்தா, ஒங்க பேருக்கு முன்னாடி என்ன எழுத்து?"

"எம் புருசன் பேரா, அய்யா பேரா?"

"எது வேணும்னாலும். ஒங்க பாட்டு, ஒங்க இஷ்டம்."

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாட்டு அப்பத்தாகிட்ட இருந்து வந்துச்சு. அப்பத்தா பேரு போடலாமா?" என்றார்.

போட்டோம். இரண்டு பேர் அம்மாவின் எழுத்தைப் போட்டார்கள், மூன்று பேர் அப்பாவுடையதை. வேப்பம்பூ கவிதை சொன்ன அக்காவும் இந்தத் தடவை வந்திருந்தார். தன் பெயரைப் புரூஃப் தாளில் இரண்டு முறை தொட்டுப் பார்த்தார். முனைவர், திருமதி எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்று ஆசிரியைகளிடம் கேட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. 31 பெயரும் ஒரே எழுத்தளவில், இனிஷியலோடு, அகர வரிசையில் வந்திருக்கின்றன. அந்தப் பெயர்களை இங்கே எழுத எனக்கும் ஆசைதான். புத்தகத்தில் போடத்தான் சம்மதம் வாங்கினேன்.

அட்டைப் படம் ஓர் ஓவிய மாணவி வரைந்தது. சாயங்கால வெளிச்சத்தில் ஒரு கோழி, வேலியோரம் காட்டுப்பூனை, பயந்து கூடி நிற்கும் குஞ்சுகளைக் கோழி கூப்பிடுகிறது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் சொன்ன காட்சி. சிவகங்கைக்குப் பக்கத்து ஒக்கூரைத்தான் அவருடைய ஊர் என்று சொல்கிறோம். சங்கப் பாடல்களில் அவருடையவை எட்டு இருக்கின்றன. பிள்ளையைப் போருக்கு அனுப்பும் தாயின் புறப்பாட்டு ஒன்றைத்தான் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இந்தக் கோழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குஞ்சுகள் அடைய இடம் தெரியாமல் கூடி நிற்கும்போது கூப்பிடுகிற கோழிதான் எங்கள் தொகுப்புக்குப் பொருத்தம் என்று பட்டது. படத்தை அச்சில் பார்த்தபோது பூனையின் கண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது, கோழி மங்கியிருந்தது. கடையில் வடிவமைப்பு பார்க்கிற அக்காவின் அண்ணன் மகள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாம்பல் நிறத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தாள். பொறுமையான பெண்.

பைண்டிங் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். இப்போது எல்லோரும் கொடுப்பது முதுகில் பசை மட்டும் ஒட்டிய பெர்ஃபெக்ட் பைண்டிங். எங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டு கோடையில் பசை உலர்ந்து பக்கம் தனித்தனியாகக் கையில் வரும். இங்கே 16 பக்கம் ஒரு ஃபாரம், நாலு ஃபாரம், ஒவ்வொன்றையும் மடித்து ஊசியால் தைக்கிறார்கள். நூலை மெழுகுத் துண்டில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் ஊசியில் கோக்கிறார் அக்கா. மூன்று துளை, உள்ளே போய் வெளியே வந்து அடுத்த ஃபாரத்தோடு ஒரு முடிச்சு. முதுகில் மெல்லிய துணி ஒட்டி, அதன் மேல் அட்டை. பசை அவரே காய்ச்சுகிற மைதாப் பசை, பூச்சி வராமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம். புத்தகத்தை எந்தப் பக்கத்தில் விரித்து மேசையில் வைத்தாலும் அப்படியே கிடக்கிறது, மூடிக்கொள்வதில்லை. கவிதை வாசிக்க மேடை ஏறுகிறவர்களுக்கு இது எவ்வளவு உதவி என்பது மைக் முன்னால் நின்றால் தெரியும்.

விலை: பிரதிக்கு 52 ரூபாய், தையலுக்கு 8 ரூபாய் கூடுதல். ஆக 60. இருநூறுக்கு 12,000. உள்தாள் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. பசை பைண்டிங்கில் இதைவிடக் குறைவாகக் கொடுக்கிற கடைகள் ஊரில் உண்டு. முன்பணம் பாதி வாங்கினார்கள், ரசீது தந்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மார்ச் 5 தருவதாகச் சொன்னது 7ஆம் தேதி இரவு எட்டரைக்குத்தான் கைக்கு வந்தது. முகூர்த்த மாதம், கல்யாணப் பத்திரிகை நெருக்கடி என்பது புரிகிறது. ஆனாலும் மறுநாள் விழாவை வைத்துக்கொண்டு அந்த இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. முன்கூட்டியே ஒரு போன் செய்திருக்கலாம். அட்டை மேட் லேமினேஷன் அழகாக இருக்கிறது, ஆனால் ஏசி அறையில் வைத்தால் ஓரம் லேசாகச் சுருள்கிறது. 41ஆம் பக்கத்தில் ஒரு கவிதையின் கடைசி வரி விட்டுப்போனது. கடைசிப் புரூஃபில் இருந்தது, அச்சில் இல்லை. காட்டியதும் அக்கா முகம் வாடிவிட்டது. அந்த ஒற்றை வரியைத் தனியாக அச்சடித்து, துண்டு துண்டாக வெட்டி, இரவு பதினொன்றரை வரை அவரும் அண்ணன் மகளும் நானும் உட்கார்ந்து 200 பிரதியிலும் ஒட்டினோம். அதற்குப் பணம் வாங்கவில்லை, தாமதத்துக்காக 500 ரூபாய் தானாகவே குறைத்துக்கொண்டார். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைத்தது அந்த வராத போனுக்காக.

விழா நன்றாக நடந்தது. 1939இலிருந்து கம்பன் விழா கண்ட ஊர், கவியரங்கம் என்றால் எப்படிக் கேட்க வேண்டும் என்று எங்கள் சனங்களுக்குத் தெரியும். நல்ல வரிக்கு "ஆகா" என்றும் "மறுபடி" என்றும் குரல் வரும். பொன்னாடைக்குப் பதில் 31 பேருக்கும் ஓலைக் கொட்டானில் புத்தகத்தையும் ஒரு பொட்டலம் மாவுருண்டையையும் வைத்துக் கொடுத்தோம். அந்தக் கொட்டான்களும் இந்தப் பக்கத்துப் பெண்கள் முடைந்தவைதான். பெரியம்மா மேடையில் புத்தகத்தை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கம் மட்டும் சரியாக நடுப்பக்கம், எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிறகு கேட்டேன். "ரெண்டு பக்கமும் கனம் சமமா இருக்குதுல்ல, அங்கதான்" என்றார். பாடி முடித்ததும் முன்வரிசையில் இருந்த தமிழ்த்துறை மாணவிகள் "மறுபடி" என்றார்கள். மறுபடியும் பாடினார். அச்சக அக்கா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டும் மேடைக்கு வரவில்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் "அச்சும் தையலும்" என்று போட்டு அவர் பெயரையும் அண்ணன் மகள் பெயரையும் இனிஷியலோடு சேர்த்திருந்தோம். அது அவருக்குத் தெரியாமல் அண்ணன் மகளிடம் சொல்லிச் செய்த வேலை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சாத்தியிருக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கவிதைகளைக் கண்டிப்பாகத் தாளில் எடுத்துக்கொண்டு போங்கள். யூனிகோடிலேயே வேலை செய்கிறார்கள், எழுத்துரு மாற்ற வேண்டியதில்லை. பாட்டு இருந்தால் ஒலிப்பதிவும் கொண்டுபோங்கள். முகூர்த்த மாதங்களில் குறைந்தது ஒரு மாதம் முன்னால் கொடுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை நீங்களே போன் செய்யுங்கள். வண்டியை மில் வாசலில் நிறுத்தாதீர்கள், மூட்டை இறக்குவார்கள்.

200 பிரதியும் தீர்ந்துவிட்டது. விடுதிப் பிள்ளைகள் ஊருக்குக் கொண்டுபோக இன்னும் கேட்கிறார்கள். போன வாரம் இன்னொரு 100க்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். 41ஆம் பக்கத்துப் புரூஃபை அக்கா தனியாக எடுத்து, அந்தக் கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, மேசைக்கு நேரே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.